இசை நிகழ்ச்சியே பணத்தைத் தின்றுவிடுகிறது, சேவைச் சங்கத்துக்கு நிதி சேர்க்க வேறு வழி உண்டா?

புதுப் பொருளாளர்:

வணக்கம் எல்லோருக்கும். எங்கள் சேவைச் சங்கத்தில் இந்த ஆண்டு பொருளாளர் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெரிய சங்கம் ஒன்றும் இல்லை, பெயர்ப் பட்டியலில் முப்பது பேர், வேலை என்று வந்தால் பத்துப் பேர். பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன், அதிலிருந்துதான் இந்தக் கேள்வி.

நிதிக்கு என்று நாங்கள் செய்வது ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய இசை நிகழ்ச்சி. அரங்க வாடகை, ஒலி ஒளி, கலைஞர்கள், அச்சுக்கூலி, சாப்பாடு எல்லாம் கழித்தால் வருகிற பணத்தில் கால் பங்குகூடச் சேவைக்கு மிஞ்சுவதில்லை. அந்த மிச்சத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, சரி, இப்போது என்ன செய்யலாம் என்று ஒரு கூட்டம் போடுவோம். ஒரு ஆண்டு கண் முகாம், அடுத்த ஆண்டு மரக்கன்று, அதற்கடுத்து நோட்டுப் புத்தகம், யார் குரல் அன்றைக்குப் பெரிதாக இருக்கிறதோ அவர் சொன்னது. டிக்கெட் விற்க வேண்டுமென்றால் அதே கடைக்காரர்கள், அதே சொந்தக்காரர்கள். ஒருவர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்தலாம் என்றால் மூத்தவர்கள் அதுதான் நம் அடையாளம் என்கிறார்கள். எங்களைப் போன்ற சின்னச் சங்கம் எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும், அதற்குப் பணம் எப்படிச் சேர்ப்பது? இன்னொன்றும் உறுத்துகிறது. மாதக் கூட்டத்துச் சாப்பாடு, நிர்வாகிகளின் பயணச் செலவு, வசூல் பணம் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தான் வந்து போகிறது. இது எல்லா இடத்திலும் இப்படித்தானா?


பழைய கணக்குப்பிள்ளை:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் தம்பி, ஏனென்றால் அது சரியாகாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. எல்லா இடத்திலும் அப்படி இல்லை, இருக்கவும் கூடாது.

அரிமா (லயன்ஸ்) சங்கங்களில் நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என்று இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர் சந்தா, அபராதம், கூட்டத்துக்கு ஆளுக்கு ஆள் போடுகிற பணம் எல்லாம் முதல் கணக்கு. சாப்பாடு, பதவியேற்பு விழா, அஞ்சல் செலவு, மாநாட்டுப் பயணம் இதிலிருந்துதான் போக வேண்டும். பொதுமக்களிடம் எந்த வகையில் வாங்கியதும், டிக்கெட்டோ உண்டியலோ விழா மலர் விளம்பரமோ, இரண்டாவது கணக்கு. அது திரும்பப் பொதுமக்களுக்குத்தான் போக வேண்டும். ஒரு நிகழ்ச்சி நடத்திப் பணம் சேர்த்தால் அந்த நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவை அதன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. இது நேற்று முளைத்த கண்டிப்பு இல்லை. 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் சிகாகோவிலிருந்து அரிமா இயக்கத்தைத் தொடங்கியபோதே, உறுப்பினர்களின் பண லாபத்தை எந்தச் சங்கமும் நோக்கமாக வைக்கக் கூடாது என்று குறிக்கோள்களில் எழுதிவிட்டார்கள். அவரே காப்பீட்டுத் தொழில் செய்தவர், சுற்றியிருந்தவர்கள் எல்லாம் வணிகர்கள், அவர்கள் உட்கார்ந்து இப்படி ஒரு வரியை எழுதினார்கள் என்பது எனக்கு இன்னும் பிடித்த விஷயம்.

நீங்கள் எந்த அமைப்போடு சேர்ந்தவர் என்று சொல்லவில்லை. தனிச் சங்கமாக இருந்தாலும் நாளைக்கே இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. உண்டியலுக்கு எண் போட்டு முத்திரை வையுங்கள், திறக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து எண்ணி அங்கேயே தாளில் கையெழுத்துப் போடட்டும். ரசீதுப் புத்தகம் தொடர் எண்ணோடு இருக்கட்டும், கெட்டுப்போன ரசீதைக் கிழித்து எறியாமல் ரத்து என்று எழுதி அதிலேயே வைத்திருங்கள். யாரையும் சந்தேகப்படுவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் யாராவது வாய்க்கு வந்தபடி பேசினால் பணத்தைத் தொட்டவரைக் காப்பாற்றப் போவது இந்தத் தாள்தான்.

அப்புறம், கண் அறுவைக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தை மிஞ்சிவிட்டது என்பதற்காக மரக்கன்றுக்குத் திருப்ப முடியாது. கொடுத்தவரிடம் கேட்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கண் அறுவை வரும்வரை வைத்திருக்க வேண்டும். வசூலுக்குப் போகும்போதே 'இந்த வேலைக்குத் தேவையானதைவிட அதிகம் வந்தால் இன்னதற்குப் பயன்படுத்துவோம்' என்று துண்டறிக்கையில் ஒரு வரி போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

குலுக்கல் சீட்டு போடலாம் என்று யாராவது கிளம்பினால் முதலில் சட்டத்தைப் பாருங்கள். பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும், சில இடங்களில் கூடவே கூடாது.


மேடைக்குக் கீழே நிற்பவன்:

கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், மன்னிக்கவும். நான் பார்த்த வரை பாதிச் சங்கங்களில் சேவை என்பது படம் எடுப்பதற்கு ஒரு காரணம். ஒரு சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் நிற்பார்கள், உட்கார்ந்திருப்பவர் முகம் மட்டும் படத்தில் சரியாகத் தெரியாது. பேனருக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆன செலவில் இன்னொரு நாற்காலி வாங்கியிருக்கலாம்.

நீங்கள் ஒரு சின்ன விதி வையுங்கள்: உதவி பெறுபவர் முகம் தெரிகிற படம் எதுவும் வெளியே போகாது, அவராகவே விரும்பிச் சொன்னால் தவிர. அன்றைக்கே எத்தனை உறுப்பினர்களுக்கு ஆர்வம் குறைகிறது என்று பாருங்கள். மிச்சம் இருப்பவர்கள்தான் உங்கள் உண்மையான சங்கம்.


ரத்த வங்கிப் பக்கம்:

வாங்கிக்கொள்ளும் இடத்திலிருந்து ஒருத்தி பேசினால் உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்களைப் போன்ற சங்கங்கள் இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிறுவனர் நாள், தலைவர் பிறந்த நாள் என்று எல்லாச் சங்கமும் ஒரே வாரத்தில் 'பிரம்மாண்ட' முகாம் வைத்துவிடுகிறீர்கள். அந்த வாரம் குளிர்பெட்டி நிரம்பி வழியும். அடுத்த இரண்டு மாதம் நாங்கள் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருப்போம்.

சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் சேர்க்கிற கரைசலைப் பொறுத்து 35 முதல் 42 நாள் வரைதான். தட்டணுக்கள் (பிளேட்லெட்) இன்னும் மோசம், பொதுவாக 5 நாள், அதுவும் அறை வெப்பத்தில் அசைத்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அதுதான் அடிக்கடி தேவைப்படும். ஒரே நாளில் இருநூறு பை கொடுத்தால் நன்றி சொல்லித்தான் வாங்குவோம், ஆனால் எங்களுக்கு உண்மையில் வேண்டியது மாதத்துக்கு இருபது பை, தவறாமல்.

கொடுத்தவர் உடனே மறுபடி கொடுக்கவும் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி முழு ரத்தம் கொடுத்தபின் ஆண்களுக்குக் குறைந்தது 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம் இடைவெளி வேண்டும். அதனால் உங்கள் ஊர்க் கொடையாளர்களை நான்கைந்து குழுவாகப் பிரித்து ஒரு நாட்காட்டி போடுங்கள். முகாம் தேதியை நீங்களாக முடிவுசெய்து அழைப்பிதழ் அடித்துவிட்டு எங்களிடம் வராதீர்கள், முதலில் எந்த மாதம் உங்களுக்குத் தட்டுப்பாடு என்று எங்களைக் கேளுங்கள். பள்ளி கல்லூரி விடுமுறைக் காலம், பண்டிகைக் காலம் இரண்டிலும் கொடையாளர்கள் வரத்து குறையும், அப்போது ஒரு சின்னச் சங்கம் பதினைந்து பேரோடு வந்து நின்றால் அந்த மாதத்துக்கு அவர்கள்தான் எங்களுக்குப் பெரிய சங்கம்.

இதற்குப் பணமே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். பிஸ்கட், பழச்சாறு, போக வர ஒரு வண்டி, யார் எப்போது கொடுத்தார் என்று எழுதி வைக்க ஒரு பொறுப்பான ஆள். அந்த ஆள்தான் கிடைப்பதில்லை.


கன்றுக்குத் தண்ணீர்:

ரத்த வங்கி அக்கா சொன்னதையே நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நீங்கள் பணத்தை முதலில் சேர்த்துவிட்டு வேலையை அப்புறம் தேடுகிறீர்கள். அதனால்தான் டிக்கெட் விற்கப் போகும்போது சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை, ஆதரவு தாருங்கள் என்பதைத் தவிர.

ரோட்டரி சங்கம் 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸையும் சேர்த்து நான்கே பேரோடு தொடங்கியது. ஆரம்பத்தில் அது நண்பர்களும் வணிகர்களும் கூடுகிற இடம்தான். 1907-இல் அந்தச் சங்கம் பொதுச் சேவை என்று கையில் எடுத்த முதல் வேலை என்ன தெரியுமா, நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை. மேடையில் பேச அழகான விஷயம் இல்லை, ஆனால் தெருவில் நடக்கிற எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அரிமா சங்கம் பார்வையற்றோர் பக்கம் திரும்பியதும் இப்படித்தான். 1925-இல் அவர்கள் மாநாட்டுக்குப் பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து இன்ன வேலையை எடுங்கள் என்று நேரே கேட்டார். அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரில் ஒரு பார்வையற்றவர் சாலையைக் கடக்கத் திணறுவதைப் பார்த்து, கறுப்புத் தடியாக இருப்பதால்தான் வண்டிக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று புரிந்துகொண்டு தடிக்கு வெள்ளை அடிக்க வைத்தவர் ஒரு அரிமா உறுப்பினர், 1930-இல். ஒரு டப்பா பெயிண்டுக்கு எவ்வளவு நிதி திரட்ட வேண்டியிருந்திருக்கும்?

பெரிய தொகைக்கும் இதே கதைதான். ரோட்டரி 1985-இல் போலியோவுக்கு என்று நிதி கேட்டபோது இலக்கு 12 கோடி டாலர், 1988-க்குள் வந்தது 24 கோடியே 70 லட்சம். குழந்தைக்குச் சொட்டு மருந்து என்று ஒரே வேலையைச் சொன்னதால் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் பங்கைக் கேட்க முடிந்தது. அதே ரோட்டரி அறக்கட்டளையின் ஆரம்பத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்பவர் யோசனை சொன்னார், அதற்கு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட்.

அதனால் முதலில் போய்க் கேளுங்கள். பள்ளி ஆசிரியர், செவிலியர், துப்புரவுப் பணியாளர்கள், முதியோரைப் பார்த்துக்கொள்பவர்கள், ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: உங்கள் வேலையில் எது இல்லாமல் தினமும் தடுமாறுகிறீர்கள்? பதில்களில் உங்கள் பத்துப் பேரால் மூன்று ஆண்டு விடாமல் செய்ய முடிந்த ஒன்றை எடுங்கள். ஒன்றே ஒன்று. என் பெயரைப் பார்த்திருப்பீர்கள், எங்கள் குழு கன்று நடுவதில்லை, மற்றவர்கள் நட்டுவிட்டுப் போனதற்குத் தண்ணீர் ஊற்றுகிறது, அவ்வளவுதான். நட ஆள் எப்போதும் கிடைக்கும்.

பழைய மூக்குக் கண்ணாடி சேகரிக்கலாம் என்று யாராவது உற்சாகமாகச் சொல்வார்கள், எல்லாச் சங்கத்திலும் ஒருவர் உண்டு. கெட்ட யோசனை இல்லை, ஆனால் ஒவ்வொரு கண்ணாடியையும் கழுவி, கருவியில் பவர் அளந்து, சீட்டு ஒட்டி, அப்புறம் அதே பவர் தேவைப்படுகிற ஆளைத் தேட வேண்டும். வருவதில் பாதி கீறல் விழுந்தும் உடைந்தும் இருக்கும். கண்ணைப் பரிசோதித்துப் புதிதாகச் சாதாரணக் கண்ணாடி செய்து கொடுப்பது பல நேரம் இதைவிட மலிவு, பெறுபவருக்கும் மரியாதை.


நிகழ்ச்சிக் குழு மூத்தவர்:

எல்லோரும் இசை நிகழ்ச்சியை வில்லனாக்கிவிட்டீர்கள், அதற்காக ஒருவன் பேச வேண்டாமா. நான் எங்கள் சங்கத்தில் பல ஆண்டு நிகழ்ச்சி நடத்தியவன். அன்றைக்கு ஒரு நாள்தான் சங்கத்து ஆட்களின் குடும்பம் மொத்தமும் ஒன்றாக வேலை செய்யும். வாசலில் டிக்கெட் கிழித்த பையன்கள்தான் இன்றைக்கு எங்கள் நிர்வாகிகள். புது உறுப்பினர்கள் வருவது முகாமைப் பார்த்து இல்லை, நிகழ்ச்சியைப் பார்த்துத்தான். அதை லாப நஷ்டக் கணக்கில் மட்டும் எடைபோட்டால் தப்பாகத்தான் தெரியும்.

ஆனால் கால் பங்குகூட மிஞ்சவில்லை என்றால் அது நிதி திரட்டல் இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு உதவியது ஒன்றுதான், டிக்கெட் அச்சடிப்பதற்கு முன்பே அரங்கச் செலவும் ஒலி ஒளிச் செலவும் புரவலர்கள் தலையில் ஏறிவிட வேண்டும். அரங்கத்தை ஒருவர், மேடையை ஒருவர், அச்சை ஒருவர் என்று பொருளாகவே, வேலையாகவே கேளுங்கள், பணமாகக் கேட்காதீர்கள். அச்சகக்காரருக்கு உங்கள் அச்சு வேலையை இலவசமாகச் செய்து தருவது அதே மதிப்புக்குப் பணம் கொடுப்பதைவிட எளிது. குறிப்பிட்ட தேதிக்குள் செலவு முழுதும் புரவலர்களிடம் உறுதியாகவில்லை என்றால் அந்த ஆண்டு நிகழ்ச்சி கிடையாது, தயவு தாட்சண்யம் இல்லை. ஒரு தடவை அப்படி நிறுத்திப் பாருங்கள், அடுத்த ஆண்டு எல்லோரும் சீக்கிரம் ஓடுவார்கள்.

பாட்டு உரிமைக்கான கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள், நற்பணி நிகழ்ச்சி என்பதால் தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது.


புதுப் பொருளாளர்:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது கணக்கு திறக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன், சாப்பாட்டுச் செலவு சந்தாவுக்குப் போகிறது என்றதும் சத்தம் வரும், வரட்டும். ரத்த நாட்காட்டியைப் படித்ததும் எங்கள் செயலாளருக்கு அனுப்பினேன், அவர் உடனே பிடித்துக்கொண்டார்.

மாதாமாதம் சின்னத் தொகை தருகிறவர்களைச் சேர்ப்பது பற்றி யாராவது சொல்ல முடியுமா? மூத்தவர் ஐயா சொன்னபடி நிகழ்ச்சிக்குப் புரவலர் தேடினாலும், மூன்று ஆண்டு விடாமல் ஒரு வேலை என்றால் மாதம் தவறாமல் ஏதாவது வர வேண்டும் இல்லையா.


பழைய கணக்குப்பிள்ளை:

ஐயா சொன்ன புரவலர் யோசனை நல்ல யோசனை, நானும் வழிமொழிகிறேன்.

மாதக் கொடைக்கு வருவோம். உறுப்பினர்களிடமிருந்தே தொடங்குங்கள், சந்தா இல்லாமல் தனியாக. பத்துப் பேர் தாங்களே மாதம் தருகிறார்கள் என்றால் பதினோராவது ஆளிடம் கேட்க வாய் வரும். தொகை சின்னதாக இருக்கட்டும், கொடுப்பவர் மறந்துவிடுகிற அளவுக்குச் சின்னது. வங்கியில் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், ஒவ்வொரு மாதமும் நினைவூட்டி வாங்குவது இரண்டு பேருக்கும் சலிப்பு. இணையத்தில் நிதி திரட்டும் தளங்கள் பலவும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், பிடித்தம் எவ்வளவு என்று படித்துவிட்டு ஏறுங்கள், அவசரச் சிகிச்சை மாதிரி ஒரு முறை தேவைக்கு அவை பரவாயில்லை, மாதக் கொடைக்கு நேரடி வங்கிப் பரிமாற்றம்தான் லாபம். நன்கொடைக்கு வரிச் சலுகை கிடைக்குமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் பதிவு அதற்குத் தகுதி உள்ளதா என்று தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிவாகும்வரை கிடைக்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கொடுத்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் எழுதுங்கள். வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு, செய்த வேலை இது, செய்ய முடியாமல் போனது இது. கடைசி வரியை எடுத்துவிடலாம் என்று உங்கள் தலைவர் சொல்வார், விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதுவதை அவர்கள் நம்புவதே அந்த வரியால்தான்.


ரத்த வங்கிப் பக்கம்:

செயலாளர் பிடித்துக்கொண்டார் என்றீர்கள், சந்தோஷம். அவரை நேரே உங்கள் பக்கத்து ரத்த வங்கிக்கு அனுப்புங்கள், கையில் அழைப்பிதழ் இல்லாமல். கொடையாளர் பட்டியலில் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி இருந்தால் போதும். அதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டாம், அது அவர்களுடைய தனிப்பட்ட விவரம், ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும்.


மேடைக்குக் கீழே நிற்பவன்:

படம் பற்றி நான் சொன்ன விதிக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை, கவனித்தேன்.


புதுப் பொருளாளர்:

கவனித்துவிட்டீர்களா. அதையும் தீர்மானத்தில் இரண்டாவதாகச் சேர்த்திருக்கிறேன். முதல் தீர்மானத்துக்கு வருகிற சத்தம் அடங்குவதற்குள் படித்துவிடலாம் என்று திட்டம்.